இரண்டு பந்தயங்களுக்கு இடையில் சஸ்பென்ஷனை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: இரும்புக் குழாய் சேஸிஸ் கொண்ட ஒற்றை இருக்கை ஃபார்முலா கார் ஒன்றைக் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஓட்டுகிறோம். கடந்த சுற்றின் சனிக்கிழமைப் பந்தயத்தில் எங்கள் காரின் முன் இடது சக்கரம் இன்னொரு காரின் பின் சக்கரத்தில் மோதியது. பார்வைக்கு எதுவும் வளையவில்லை. அந்தச் சக்கரத்தின் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் 3 மி.மீ. மாறியிருந்தது. டை ராடை (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டை) திருகிச் சரிசெய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டினோம். பிரச்சினை எதுவும் வரவில்லை. அடுத்த சுற்றுக்கு முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? ஏதாவது ஒரு விஷ்போன் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் V வடிவக் குழாய்க் கை) வளைந்திருந்தால் அதை நிமிர்த்தி உதிரியாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்களிடம் இருக்கும் மிக நல்ல தடயம் அந்த 3 மி.மீ. தான். அதை நீங்கள் ஒரு கோளாறாகக் கருதிச் சரிசெய்துவிட்டீர்கள். டை ராடின் லாக் நட்டு தளராமல், யாரும் ஸ்பேனரைத் தொடாமல் டோ மாறியிருக்கிறது என்றால், ஏதோ ஒரு பாகம் தன் நீளத்தையோ இடத்தையோ கோணத்தையோ மாற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டை ராடைத் திருகியதால் அளவு பழைய எண்ணுக்குத் திரும்பியதே தவிர, மாறிய பாகம் இன்னும் காரில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதே பாகத்தோடுதான் ஓட்டியிருக்கிறீர்கள். மோதலுக்குப் பிறகு காரணம் தெரியும் வரை எந்த அட்ஜஸ்ட்மென்ட்டையும் தொடக் கூடாது என்பதை உங்கள் அணியின் முதல் விதியாக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அந்த 3 மி.மீ. என்ன சொல்கிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 13 அங்குல ரிம்மின் விட்டம் சுமார் 330 மி.மீ. என்பதால், ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் இடையே 3 மி.மீ. வேறுபாடு வருவதற்குச் சக்கரம் ஏறத்தாழ அரை டிகிரி திரும்பியிருக்க வேண்டும். டை ராடு பிடித்துச் சக்கரத்தைத் திருப்பும் கையான ஸ்டியரிங் ஆர்ம் 100 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், டை ராடின் வெளி முனை சுமார் 0.9 மி.மீ. நகர்ந்ததற்கு அது சமம். டை ராடு வில்லாக வளைந்ததால் மட்டுமே இந்தக் குறைவு வந்தது என்றால், 350 மி.மீ. நீளமுள்ள குழாய் நடுவில் 11 மி.மீ. அளவுக்கு வளைந்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய வளைவு உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்காது. ஆகவே மாற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது: ராடு எண்டின் (தண்டின் முனையில் உள்ள மரையிட்ட பந்து மூட்டின்) கழுத்து, அப்ரைட்டில் (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் பாகத்தில்) பொருத்திய ஸ்டியரிங் ஆர்ம், ஸ்டியரிங் ராக்கின் (டை ராடுகளைப் பக்கவாட்டில் நகர்த்தும் பற்தண்டின்) பிடிப்பு, விஷ்போனின் வெளி முனை, விஷ்போன் சேஸிஸில் சேரும் பிராக்கெட் ஆகியவற்றில் ஒன்றையோ பலவற்றையோ சந்தேகிக்க வேண்டும். எந்தப் பக்கம் முதலில் தேடுவது என்பதைக் கேம்பர் (செங்குத்திலிருந்து சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) காட்டும். கீழ் விஷ்போனின் வெளி முனை 0.9 மி.மீ. உள்ளே போயிருந்தால், மேல் கீழ் மூட்டுகளுக்கு இடையே 200 மி.மீ. இடைவெளியுள்ள அப்ரைட்டில் கேம்பர் சுமார் கால் டிகிரி மாறும். கேம்பர் மாறாமல் டோ மட்டும் மாறியிருந்தால் ஸ்டியரிங் பக்கத்தில் தேடலைத் தொடங்குங்கள். இரண்டும் மாறியிருந்தால் விஷ்போன் பக்கத்தில் தொடங்குங்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் இன்னும் கவலை தரும் ஓர் உண்மை வெளிப்படுகிறது. 500 மி.மீ. நீளமுள்ள புஷ்ராடு (சக்கரத்தின் மேல்கீழ் அசைவை ஸ்பிரிங்குக்குக் கடத்தும் தண்டு) நடுவில் 3 மி.மீ. வளைந்தால் அதன் நீளம் குறைவது 0.05 மி.மீ. கூட இல்லை. எந்தச் செட்டப் பேடிலும் (அளவெடுப்பதற்கான சமதளத்திலும்), எந்த நூல் கட்டி அளந்தாலும் அது தெரியாது. ரைடு ஹைட்டும் (தரையிலிருந்து காரின் உயரமும்) மாறாது. ஆனால் வலிமையின் கதை வேறு. 20 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. சுவர்த் தடிப்பும் கொண்ட இரும்புக் குழாயில் 8 கிலோநியூட்டன், அதாவது சுமார் 800 கிலோ எடைக்குச் சமமான அழுத்துவிசை விழுந்தால், நேரான குழாயில் ஏற்படும் தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) சுமார் 92 மெகாபாஸ்கல். அதே குழாய் 3 மி.மீ. வளைந்திருந்தால், விசை வளைவை மேலும் கூட்டுவதையும் சேர்த்துக் கணக்கிடும்போது, உள்வளைவுப் பக்கத்தில் தகைவு 180 மெகாபாஸ்கலை நெருங்குகிறது. அளவெடுப்பில் துளியும் தெரியாத ஒரு வளைவு அந்தக் குழாயின் சுமையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிவிடுகிறது. அலைன்மென்ட் சரியாக இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு சஸ்பென்ஷன் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாததற்கு இதுவே காரணம். அளவு மாறியிருந்தால் சேதம் உண்டு என்று உறுதியாகச் சொல்லலாம். அளவு மாறவில்லை என்பதால் சேதம் இல்லை என்று சொல்ல முடியாது.

அடுத்து, எங்கே தேடுவது என்பது. அடி பட்ட மூலையை மட்டும் பிரித்துப் பார்ப்பது எல்லா அணிகளிலும் காணப்படும் பழக்கம். 2021 மே மாதம் மொனாக்கோ ஃபார்முலா 1 பந்தயத்தில் நடந்தது இதற்கு நல்ல பாடம். தகுதிச் சுற்றின் கடைசி நிமிடங்களில் சார்ல் லெக்லேரின் ஃபெராரி நீச்சல்குளப் பகுதியில் உள்பக்கத் தடுப்பில் வலது முன் சக்கரத்தை இடித்து, எதிர்ப்பக்கத் தடுப்பில் போய் மோதியது. காரின் வலப்பக்கம் நொறுங்கியது. ஆனாலும் முதலிடம் அவருக்கே கிடைத்தது. கியர்பாக்ஸை மாற்றினால் ஐந்து இடங்கள் பின்தள்ளப்படுவார் என்பதால், அது தாங்குமா என்பதிலேயே எல்லோருடைய கவனமும் இருந்தது. அணி சோதித்துப் பார்த்து, பெரிய சேதம் இல்லை என்று அறிவித்தது. மறுநாள் தொடக்கக் கட்டத்துக்குச் செல்லும் வழியிலேயே கார் பழுதாகிப் பிட்டுக்குத் திரும்பியது. பழுதானது கியர்பாக்ஸ் அல்ல. இடப்பக்க ட்ரைவ்ஷாஃப்ட் ஹப் (எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டு சேரும் பாகம்). உலகிலேயே அதிக வசதியுள்ள அணிகளில் ஒன்று, ஓர் இரவு முழுவதும் கையில் இருந்தும், மோதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த பாகத்தால் பந்தயத்தையே தொடங்க முடியாமல் போனது.

எனவே விசை எந்த வழியாகச் சென்றது என்று தொடர்ந்து போக வேண்டும். உங்கள் மோதலில் இடது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்பட்டிருக்கிறது. அப்போது விஷ்போன்களின் முன் கால்கள் இழுக்கப்பட்டிருக்கும், பின் கால்கள் அழுத்தப்பட்டிருக்கும். அழுத்தப்பட்ட மெல்லிய குழாய்தான் முதலில் வளையும். சக்கரம் திரும்ப முயன்ற விசை டை ராடு வழியாக ராக்குக்குள் சென்று, ராக் தண்டு வழியாக வலது டை ராடையும் தொட்டிருக்கும். சக்கரம் மேலே ஏறியிருந்தால் புஷ்ராடு, ராக்கர் (அசைவின் திசையை மாற்றும் நெம்புகோல்), டேம்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தைத் தணிக்கும் பாகம்), ஆன்ட்டி ரோல் பார் (இடது வலது சஸ்பென்ஷனை இணைக்கும் கம்பி) என்று ஒரு கிளை. அந்த பார் இருப்பதால் அதுவும் வலப்பக்கத்துக்குப் போகும். இந்தப் பாதையை ஒரு தாளில் வரைந்துகொண்டு, அதில் வரும் ஒவ்வொரு போல்ட்டையும் குறித்துவிட்டுத்தான் பிரிக்கத் தொடங்க வேண்டும்.

பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. பிரித்த பிறகு அவற்றைச் செய்ய முடியாது. காரைக் கழுவுவதற்கு முன்பே ஒரு நல்ல டார்ச்சுடன் சுற்றிப் பாருங்கள். பெயின்ட் உதிர்ந்த இடம், பிராக்கெட்டின் ஓரத்தில் மெல்லிய துருக்கோடு, போல்ட் தலைக்கு அடியில் புதிதாகப் பளபளக்கும் உலோகம், வாஷரைச் சுற்றிப் பிறை வடிவில் தேய்ந்த தடம் ஆகிய எல்லாமே அசைவின் அடையாளங்கள். கழுவியவுடன் இவற்றில் பாதி போய்விடும். நட்டுகளின் மேல் கோடு போட்டு வைத்திருந்தால், அந்தக் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு டோ, கேம்பர், காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு), ரைடு ஹைட், நான்கு மூலைகளின் எடை, இடது வலது வீல்பேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) ஆகிய எல்லாவற்றையும் அளந்து, பந்தயத்துக்கு முன் எழுதி வைத்த தாளோடு ஒப்பிடுங்கள். அந்த முந்தைய தாள் இல்லாவிட்டால் இப்போது எடுக்கும் அளவுகளுக்கு மதிப்பு பாதியாகக் குறைந்துவிடும். டேட்டா லாகர் இருந்தால், நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கோணம் மோதலுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று பாருங்கள். டேம்பர் பொட்டென்ஷியோமீட்டரின் (டேம்பரின் நகர்வை அளக்கும் உணரியின்) ஓய்வுநிலை அளவு நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டுநரிடம் பொதுவாகக் “கார் எப்படி இருந்தது” என்று கேட்பதால் பயனில்லை. இடது வளைவுக்கும் வலது வளைவுக்கும் வித்தியாசம் தெரிந்ததா, பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்ததா, ஸ்டியரிங் நடுவில் நின்றதா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

காரை ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு சக்கரத்தை மேலும் கீழும், பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை ஒருவர் தனியாகச் செய்வதைவிட, ஒருவர் ஆட்டும்போது இன்னொருவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிளேயை (மூட்டின் தளர்வை) விரல் நுனி கண்டுபிடித்துவிடும். அதே நிலையில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் எங்காவது திருப்புவது கனமாக இருந்தால் ராக் தண்டு வளைந்திருக்கலாம் என்று கொள்ள வேண்டும்.

பிரித்த பிறகு நான் மிக அதிக நேரம் செலவிடச் சொல்வது ராடு எண்டுகளிலும் போல்ட்டுகளிலும்தான். விஷ்போன் வளைந்தால் யாராவது ஒருவர் கண்ணில் படும். ராடு எண்டு அடிவாங்கினால் லாக் நட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அது உடையும் இடமும் அதுவே: லாக் நட்டை ஒட்டி வெளியே தெரியும் முதல் மரை. M10 மரையின் அடிவிட்டம் ஏறத்தாழ 8.2 மி.மீ. வளைக்கும் விசையைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், மரையுள்ள இடத்தின் வலிமை 10 மி.மீ. முழுத் தண்டின் வலிமையில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். போதாததற்கு மரையின் கூரிய அடிப்பள்ளம் தகைவை ஒரே கோட்டில் குவிக்கிறது. ராடு எண்டு நீளவாக்கில் இழுக்கவும் தள்ளவும் செய்யப்பட்ட பாகம். ஆனால் செலவைக் குறைத்த பல வடிவமைப்புகளில் விஷ்போனின் வெளிமுனையில் அதை வைத்து, பிரேக் விசையையும் கெர்ப் (தட ஓரத்து மேடு) அடியையும் பக்கவாட்டில் அதன் மேல் சுமத்துகிறார்கள். உங்கள் கார் அப்படிப்பட்டது என்றால், மோதலில் சம்பந்தப்பட்ட அந்த ராடு எண்டுகளைச் சோதிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மற்றவற்றுக்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ராடு எண்டைக் கழற்றுவதற்கு முன், எத்தனை சுற்று உள்ளே இருக்கிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, நைலான் இல்லாத புதிய சாதாரண நட்டு ஒன்றை விரலால் மட்டும் மரையின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஓட்டுங்கள். நல்ல மரையில் நட்டு ஒரே சீராக ஓடும். ஓரிடத்தில் இறுகி, சற்று அழுத்தித் திருப்பினால் மறுபடி தளர்ந்து ஓடினால், அந்த இடத்தில் மரை நீண்டோ வளைந்தோ இருக்கிறது. அது பெரும்பாலும் லாக் நட்டு இருந்த இடமாகவே இருக்கும். ஸ்பேனர் பிடித்து நட்டை ஓட்டாதீர்கள், ஸ்பேனர் அந்த உணர்வை அழித்துவிடும். போல்ட்டுகளுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். அதோடு ஒவ்வொரு போல்ட்டின் தண்டையும் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து, எதிரே விளக்கைப் பிடித்து மெதுவாக உருட்டுங்கள். நேரான தண்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் வெளிச்சம் தெரியாது. வளைந்ததாக இருந்தால் பாதிச் சுற்றில் மெல்லிய ஒளிக்கோடு தோன்றி மறையும். அப்படித் தோன்றிய போல்ட்டைத் தனியே வையுங்கள். அது எந்த பிராக்கெட்டிலிருந்து வந்தது என்பது அடுத்த தடயம், ஏனென்றால் போல்ட்டை வளைத்த விசை அந்த பிராக்கெட்டின் துளையையும் நீள்வட்டமாக்கியிருக்கும்.

போல்ட்டை மாற்றும்போது தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 8.8 என்றால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், அதில் எண்பது சதவீதத்தில், அதாவது 640-இல், நிரந்தரமாக நீளத் தொடங்கும். 12.9-க்கு அவை 1200, 1080. எண் இல்லாத கடைப் போல்ட்டை அவசரத்துக்கு சஸ்பென்ஷனில் போடுவதை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க முடியாது. நைலாக் நட்டுகளை (தளராமலிருக்க நைலான் வளையம் உள்ள நட்டுகளை) ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

விஷ்போனுக்கு வருவோம். குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனையை ஒற்றைக் கண்ணால் பார்ப்பது தொடக்கம் மட்டுமே. நேர்விளிம்புக் கோலை குழாயைச் சுற்றி நான்கு பக்கமும் வைத்துப் பாருங்கள், ஏனெனில் ஒரு பக்கத்திலிருந்து நேராகத் தெரிவது இன்னொரு பக்கத்திலிருந்து வில்லாகத் தெரியும். அதைவிடச் சிறந்தது ஒரு ஜிக். தடித்த இரும்புத் தகட்டில், அடிபடாத புதிய விஷ்போனை வைத்து மூன்று துளைகளுக்கும் நேராகப் பின்கள் பொருத்தி வைத்துக்கொண்டால், சந்தேகப்பட்டதை அதன் மேல் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கை அழுத்தமே இல்லாமல் மூன்று பின்களிலும் இறங்க வேண்டும். தட்டித்தான் இறக்க முடிகிறது என்றால் அது வளைந்ததுதான். கோவையில் எந்த நல்ல லேத் பட்டறையும் இதைச் செய்து தரும். ஒரு சீசனில் நீங்கள் செலவிடும் பணத்தில் இதைவிடப் பயனுள்ளதாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. புஷ்ராடையும் டை ராடையும் கண்ணாடிப் பலகையில் உருட்டினாலே போதும்.

விரிசல் தேடுவது அடுத்த கட்டம். விரிசல்கள் பெரும்பாலும் வெல்டிங் முடிந்து குழாய் தொடங்கும் அந்த ஓரத்தில் பிறக்கின்றன. பவுடர் கோட்டிங் அழகாக இருக்கும். ஆனால் தடித்தும் நெகிழ்ந்தும் இருப்பதால் அடியில் இரும்பு விரிந்தாலும் மேலே கோடு தெரியாது. சஸ்பென்ஷன் பாகங்களுக்கு வெளிர் நிறத்தில் மெல்லிய பெயின்ட் அடிப்பதே நல்லது, விரிசல் அதில் கருங்கோடாகவோ துருக்கோடாகவோ வெளிப்படும். சோதனைக்காகப் பெயின்ட்டை எடுக்கும்போது ரசாயன ரிமூவரைப் பயன்படுத்துங்கள். மணல் வீச்சும் கம்பித் தூரிகையும் விரிசலின் வாயை அடித்து மூடிவிடுவதால், அதன் பிறகு எந்தச் சாயமும் உள்ளே இறங்காது.

சாய ஊடுருவல் சோதனைக்கான மூன்று ஸ்பிரே டப்பாக்கள் வெல்டிங் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். எண்ணெய்ப்பசை துளியும் இல்லாமல் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து, டப்பாவில் குறிப்பிட்ட நேரம், வழக்கமாகப் பத்து முதல் இருபது நிமிடங்கள், காத்திருக்க வேண்டும். பிறகு கிளீனரைத் துணியில் நனைத்து மேற்பரப்பைத் துடைக்க வேண்டும். பலர் கிளீனரை நேரடியாகப் பாகத்தின் மேல் அடித்து விரிசலுக்குள் இருக்கும் சாயத்தையும் கழுவிவிட்டு, விரிசல் இல்லை என்று மகிழ்கிறார்கள். கடைசியாக வெள்ளை டெவலப்பரை மெல்லிய படலமாக அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்பு மெல்லக் கசிந்து கோடாக எழும். வெல்டிங்கில் உள்ள சிறு துளைகள் புள்ளிகளாகக் காட்டும். அவற்றைக் கண்டு பதற வேண்டாம். கோடுதான் கவலைக்குரியது. மேற்பரப்பில் வாய் திறந்த விரிசலை மட்டுமே இந்தச் சோதனை காட்டும். இரும்புப் பாகங்களுக்குக் காந்தத் துகள் சோதனை இதைவிட நுட்பமானது. கிராங்க் ஷாஃப்ட் சாணை பிடிக்கும் பட்டறைகள் சிலவற்றில் அந்தக் கருவி இருக்கும். காந்தப்புலத்துக்கு இணையாக ஓடும் விரிசல் அதில் தெரியாது என்பதால், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் காந்தமேற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங்குகளை முன்பே கழற்றிவிடுங்கள், சோதனை முடிந்ததும் காந்தத்தை நீக்கித் தரச் சொல்லுங்கள். அலுமினிய அப்ரைட்டுக்கு இது பயன்படாது, சாயச் சோதனைதான்.

அப்ரைட்டில் பிரேக் காலிப்பர் பொருந்தும் காதுகளும் ஸ்டியரிங் ஆர்ம் பொருந்தும் முகமும் முக்கியமானவை. ஹப் ஃபிளாஞ்சில் (சக்கரம் பொருந்தும் தட்டில்) டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் அளவி) வைத்துச் சுழற்றி, அவுட் அடிக்கிறதா, அதாவது தள்ளாடுகிறதா என்று பாருங்கள். வீல் பேரிங்கை வேகமாகச் சுழற்றிச் சத்தம் கேட்பதைவிட, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு மிக மெதுவாகத் திருப்புவது பலன் தரும். பக்கவாட்டு அடியில் குண்டுகள் பாதையில் பள்ளம் பதித்திருந்தால், சீரான இடைவெளியில் ஒரு தடங்கல் கைக்குத் தெரியும். டேம்பரை ஸ்பிரிங் இல்லாமல் முழு நீளத்துக்கும் அழுத்தி இழுக்கும்போதே தண்டைச் சுழற்றிப் பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் மட்டும் கனமாக ஓடினால் தண்டு வளைந்திருக்கிறது. ரிம்மையும் டயல் கேஜில் பார்த்துவிடுங்கள்; மெதுவாகக் காற்று இறங்கும் ரிம்மில் விரிசல் இருக்கலாம்.

சேஸிஸ் பிராக்கெட்டுகளை மறக்கக் கூடாது. விஷ்போன் உறுதியாக இருந்தால் அடி அதைக் கடந்து சேஸிஸுக்குப் போகும். இரண்டு காதுகளும் இன்னும் இணையாக இருக்கின்றனவா என்று வெர்னியரால் மேலும் கீழும் அளந்து பாருங்கள். சேஸிஸ் குழாயில் பிராக்கெட் ஒட்டிய இடத்துக்குப் பின்னால் விரலை ஓட்டினால், உள்ளே அமுங்கிய பள்ளம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் விரலுக்குத் தெரியும். வலப்பக்கத்தில் அதே இடத்தைத் தொட்டு ஒப்பிடுங்கள்.

மோதலே நடக்காத காருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். 2005 மே 29 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் கிமி ரைக்கோனன் முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்தார். பிரேக் பிடித்தபோது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டதால் அவருடைய வலது முன் டயரில் தட்டையான தழும்பு விழுந்திருந்தது. அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்தின் நடுவே டயர் மாற்றுவதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்ததால், அதிர்வைப் பொறுத்துக்கொண்டே ஓட்டினார். கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் பிரேக் பிடித்தபோது வலது முன் சஸ்பென்ஷன் முறிந்து கார் தடத்தை விட்டுப் பாய்ந்தது; வெற்றி அலோன்சோவுக்குப் போனது. எந்தத் தடுப்பிலும் மோதாமல், வெறும் அதிர்வே சஸ்பென்ஷனை உடைத்தது. ஆகையால் தட்டையான டயரோடு ஓடிய சுற்றுகளையும், கெர்ப்பின் மேல் பலமாக ஏறி இறங்கியதையும் உங்கள் பதிவேட்டில் மோதலைப் போலவே குறித்து வையுங்கள். ராடு எண்டு, போல்ட், புஷ்ராடு ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்து, எத்தனை பந்தயம் ஓடியது என்று கணக்கு வைத்தால், திரும்பத் திரும்பச் சுமை விழுவதால் உலோகம் களைத்து வரும் விரிசலுக்கு முன்பே மாற்றிவிடலாம். கண்ணாடி போல நன்றாக இருக்கும் பாகத்தைத் தூக்கியெறிய மனம் வராது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ராடு எண்டுகளுக்காவது ஒரு சீசன் என்று எல்லை வைத்துவிடுங்கள்.

இதெல்லாம் இரண்டு சுற்றுகளுக்கு இடையில் வாரக்கணக்கில் நேரம் இருக்கும்போது. சனிக்கிழமை மோதி ஞாயிற்றுக்கிழமை ஓட வேண்டுமென்றால், சோதிப்பதைவிட மாற்றுவதே விரைவானது, பாதுகாப்பானதும்கூட. 2020 ஹங்கேரி பந்தயத்தில் வெர்ஸ்டாப்பன் தொடக்கக் கட்டத்துக்குப் போகும்போதே ஈரத் தடத்தில் வழுக்கித் தடுப்பில் மோதினார். ரெட் புல் மெக்கானிக்குகள் கட்டத்திலேயே ஏறத்தாழ 20 நிமிடங்களில் இடது முன்புறத்தின் டை ராடையும் புஷ்ராடையும் மாற்றினார்கள், அவர் இரண்டாவதாக முடித்தார். அவர்களால் அது முடிந்ததற்குக் காரணம், பாகங்கள் நீளம் சரிபார்க்கப்பட்டுத் தயாராக இருந்ததுதான். உங்களிடமும் ஒவ்வொரு முன் மூலைக்கும் நீளம் சரியாக வைத்து லாக் நட்டு இறுக்கிய ஒரு டை ராடு, ஒரு புஷ்ராடு, ராடு எண்டுகளுடன் ஒரு கீழ் விஷ்போன் பெட்டியில் இருக்கட்டும்.

எல்லாம் திரும்பப் பூட்டிய பிறகு டார்க் ரென்ச்சால் இறுக்கி, புதிய கோடு போட்டு, காரை நாலைந்து முறை அழுத்தி உட்காரவைத்து அளவெடுங்கள். பயிற்சியில் சில சுற்றுகள் மட்டும் ஓட்டிவிட்டு உள்ளே அழைத்து, கோடுகளையும் டோவையும் மறுபடி பாருங்கள். அளவு நகராமல் நின்றால் வேலை முடிந்தது.

வளைந்த விஷ்போனை நிமிர்த்தலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது. குளிர்நிலையில் நிமிர்த்தும்போது அந்த இரும்பு தன் மீள்தன்மை எல்லையை இரண்டாவது முறை தாண்டுகிறது. வளைந்த இடத்தின் உள்பக்கத்தில் சுருக்கம் விழுந்து, அங்கிருந்துதான் அடுத்த விரிசல் பிறக்கும். சூடேற்றி நிமிர்த்தினால், குரோம் மாலிப்டினம் எஃகுக் குழாயாக இருக்கும் பட்சத்தில், அந்த இடத்தின் வலிமையே மாறிவிடும். நிமிர்த்திய விஷ்போன் ஜிக்கில் அழகாக உட்காரும். அதனால்தான் அது ஆபத்தானது. பந்தய நாள் அவசரத்தில் உதிரிப் பெட்டியைத் திறப்பவர் அதை நல்லது என்று நம்பிப் பூட்டிவிடுவார். ஆகவே அதை அன்றே இரண்டாக அறுத்துவிடுங்கள். அறுக்கும்போது வெல்டிங்கை ஒட்டி அறுத்தால், குழாயின் உட்புறம் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது, வெல்டிங் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். உள்ளே துரு தெரிந்தால், அதே காலத்தில் செய்த மற்ற விஷ்போன்களையும் அடுத்த சுற்றுக்கு முன் கழற்றிப் பாருங்கள்.